இல்லத்தின் வாசலில் கேட்க வேண்டிய கேள்வி

குழந்தைகள் இல்லங்களில் வளர்பவர்கள் எல்லாரும் தாய் தந்தையை இழந்தவர்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பல நாடுகளில் எடுக்கப்பட்ட கணக்குகளோ, அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதையே காட்டுகின்றன. வாடகை கொடுக்க முடியாத தாய், நோயில் படுத்துவிட்ட தந்தை, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கு அருகில் பள்ளியும் சிகிச்சையும் கிடைக்காத குடும்பம் என்று காரணங்களை அடுக்கிப் பார்த்தால், அன்பில்லாமையைவிட ஆதரவில்லாமையே அதிகம் தென்படுகிறது.

2009ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பெற்றோரோடு வாழ முடியாத குழந்தைகளின் மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டுதல்கள், வறுமை மட்டுமே ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்றும், வறுமையை அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அறிகுறியாகவே கொள்ள வேண்டும் என்றும் கூறுகின்றன. நடைமுறையில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. பிள்ளை வீட்டில் இருக்கும்வரை கிடைக்காத உணவும் படிப்பும் மருந்தும், இல்லத்தில் சேர்த்த மறுநாளே கிடைத்துவிடுகின்றன. இந்த நிலையில் கையெழுத்திடும் தாயைப் பார்த்து, அவராக விரும்பித்தான் விட்டுச் சென்றார் என்று பதிவேட்டில் எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. ‘இந்தக் குழந்தையை எங்கே சேர்க்கலாம்?’ என்று கேட்பதற்கு முன், ‘இந்தக் குடும்பத்துக்கு என்ன இருந்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டார்கள்?’ என்று வாசலிலேயே கேட்கக்கூடிய பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். கேட்டுவிட்டு, அதைத் தருவதற்கான நிதியும் அவர் கையில் இருக்க வேண்டும்.

பிரிவின் விலை என்ன என்பதை ருமேனியாவைப் போல் விரிவாகக் காட்டிய இடம் குறைவு. அந்நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்ததும், வளர்க்க வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகள் அரசு நடத்திய பராமரிப்பு நிறுவனங்களில் குவிந்ததும் பலர் அறிந்ததே. அந்த ஆட்சி வீழ்ந்து பத்தாண்டுகளுக்குப் பின், தலைநகர் புகாரெஸ்டின் நிறுவனங்களில் இருந்த 136 இளங்குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மற்றவர்களின் வளர்ச்சியோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகள் அறிவுத்திறனிலும் பிறரோடு பிணைப்பு கொள்வதிலும் தெளிவாக முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் அந்த மீட்சி பல வகைகளில் கூடுதலாக இருந்தது. நிறுவனத்தில் சோற்றுக்குக் குறை இல்லாவிட்டாலும், பணிமுறைப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஊழியர்களில் எவரும் அந்தக் குழந்தைக்கு மட்டுமே உரியவராக ஆக முடிவதில்லை. ருமேனியா 2004இல் இயற்றிய சட்டம் இரண்டு வயதுக்குட்பட்டவர்களை நிறுவனங்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஆனால் கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதில் விலக்கு வைத்தது. எந்தச் சீர்திருத்தத்திலும் இந்தக் குழந்தைகளே கடைசியாக நினைவுக்கு வருகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடியும் பாலியல் கொடுமையும் நடக்கும் வீட்டில் குழந்தையை விட்டுவைப்பது குற்றம். அப்போதும் முதலில் தேட வேண்டியது பாட்டி, அத்தை, மாமா என்று குழந்தைக்கு ஏற்கெனவே பழகிய முகங்களைத்தான். அடுத்தபடியாக, தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சியும் கண்காணிப்பும் பெற்ற வளர்ப்புக் குடும்பம். உறவுதானே, பார்த்துக்கொள்வார்கள் என்று பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, பள்ளிச் சேர்க்கையில் கையெழுத்திடும் உரிமையையோ மாதாந்தர உதவித்தொகையையோ அவருக்குத் தராமல் போவது, சில ஆண்டுகளில் அதே குழந்தையை இல்லத்தின் வாசலுக்கே திரும்பக் கொண்டுவரும். உடன்பிறந்தவர்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் வைக்காதிருப்பதும் இதே அளவு முக்கியம்.

வீடு திரும்புதலும் ஒரே நாளில் முடிகிற காரியமன்று. 2020இல் பெருந்தொற்று பரவியபோது சில நாடுகளில் இல்லங்கள் அவசரமாக மூடப்பட்டு, எந்த ஆயத்தமும் இல்லாத வீடுகளுக்குப் பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். பிரிவுக்குக் காரணமான சிக்கல் தீர்ந்ததா என்று பார்த்து, சந்திப்புகள் மூலம் மெல்ல உறவைப் புதுப்பித்து, குழந்தையின் விருப்பத்தைக் கேட்டு, திரும்பிய பிறகும் சமூகப் பணியாளர் மாதக்கணக்கில் வந்துபோக வேண்டும். இல்லங்களை மூடுவதில் காட்டும் வேகத்தை இந்த வருகைகளுக்கு ஆள் நியமிப்பதில் அரசுகள் காட்டுவதில்லை.

நன்கொடை கேட்டு வருகிற இல்லத்திடம் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று இப்போது நான் கேட்பதில்லை. கடந்த ஆண்டில் எத்தனை பேர் குடும்பத்தோடு சேர்ந்தார்கள், அவர்களை அதன்பின் யார் போய்ப் பார்க்கிறார்கள், சேர்க்க வந்த பெற்றோரில் எத்தனை பேருக்கு உதவி செய்து பிள்ளையோடு திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்கிறேன். இந்தக் கணக்கை வைத்திருக்கும் இல்லங்களும் இருக்கின்றன. என் பணம் அவற்றுக்குத்தான் போகிறது.