மூடி திறக்காமல் மெத்தனால் தேடல்: கையடக்க ராமன் கருவி, இதுவரை

வேலை இதுதான்: சானிடைசர் பாட்டிலைத் திறக்காமல், உள்ளே இருப்பது எத்தனாலா, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலா, நச்சான மெத்தனாலா என்று சொல்ல வேண்டும். ராமன் கருவி லேசரைப் பாய்ச்சி, மூலக்கூறுகளில் பட்டு நிறம் மாறிச் சிதறும் ஒளியை (ராமன் ஒளி) நிறமாலை வரைபடமாகக் காட்டும். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய இடங்களில் முகடுகள் எழும்; அந்த இடத்தைக் குறிக்கும் எண்தான் அலை எண் (செ.மீ⁻¹). கருவியில் 785 நானோமீட்டர் லேசர், திறன் 300 மில்லிவாட். பார்வைக்கு மங்கிய சிவப்புப் புள்ளிதான், கண்ணைப் பறித்துவிடும். அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

முதலில் கருவியைச் சரிபார்க்க ஒரு பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டு. அதன் பெரிய முகடு அலை எண் 1001-இல் விழ வேண்டும். தள்ளி விழுந்தால் அளவீட்டைச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை.

தெளிவான கண்ணாடிக் குப்பியில் சிக்கலே இல்லை. முகடுகள்: எத்தனால் 884, ஐசோபுரொப்பைல் 819, மெத்தனால் 1035. பத்து விநாடி வீதம் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தால் போதும். தண்ணீரின் ராமன் ஒளி மிகப் பலவீனம் என்பதால் சானிடைசரில் உள்ள நீர் தொந்தரவு செய்யாது. அறை விளக்கை மட்டும் அணைத்து, கருவியின் முனையைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். 1928-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளி, வடிகட்டி, வெறுங்கண் இவற்றை வைத்தே இந்தச் சிதறலை அறுபது திரவங்கள் வரை பார்த்துவிட்டார்கள்!

வெள்ளை பாலித்தீன் பாட்டிலில்தான் தலைவலி. 1063, 1129, 1295, 1440 என்று பாட்டிலின் பிளாஸ்டிக்கே தன் முகடுகளைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிடும். லேசரின் குவியப் புள்ளி பாட்டில் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டால் திரவம் தெரியவே தெரியாது; முனையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, குவியம் சுவரைத் தாண்டி உள்ளே விழும்படி திருக வேண்டும். பிறகு அதே ரகப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு பதிவு. 1295 முகடு இரண்டிலும் ஒரே உயரம் வரும்படி அளவு மாற்றிக் கழித்தால், 884 துல்லியமாக எழுந்து நிற்கும்.

கலப்படம் என்றால் கதை வேறு. எத்தனாலுக்கு 1052-இலும் ஒரு முகடு உண்டு. கொஞ்சம் மெத்தனால் கலந்திருந்தால் 1035 தனியாகப் பிரியாது. 1052-இன் இடப்பக்கச் சரிவில் ஒரு புடைப்பாகத்தான் தெரியும். கருவியின் திரையோ முழு நிறமாலையையும் ஒப்பிட்டு 'எத்தனால்' என்று பச்சை விளக்கு காட்டிவிடும். அந்தப் பச்சையை நம்பாதீர்கள். சரிவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சுவர் இன்னும் தடிமனாக இருந்தால் கழித்தல் கைகொடுக்காது. லேசர் படும் இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி ஒளியைச் சேகரிக்கும் முறை தேவை. ஆழத்தில் சிதறிய ஒளிதான் பக்கவாட்டில் தூரமாக வெளியேறும். அதனால் அங்கே சுவரின் பங்கு குறைகிறது. பாவெல் மட்டூசெக் குழு 2005-இல் வெளியிட்ட வழி இது.

பழுப்பு மருந்துக் குப்பியில், லேசர் பட்டதும் கண்ணாடியே உமிழும் ஒளிர்வு மேடாக எழும்பி முகடுகளை விழுங்கிவிட்டது. 1064 நானோமீட்டர் லேசரில் ஒளிர்வு தணியும். ஆனால் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பதால் 785-இல் வருவதில் ஏறக்குறைய 30 சதவீதமே கிடைக்கும், பதிவு நேரம் கூடும். தகர டப்பாவுக்கு எந்த லேசரும் உதவாது. கறுப்பு நிறத் தூள் எதுவும் லேசர் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம், அதை இந்தக் கருவியால் சோதிக்க வேண்டாம்.

அடுத்து: 5, 10, 20 சதவீத மெத்தனால் கலந்த எத்தனாலை மூடி அடைத்த குப்பிகளில் வைத்து, அந்தப் புடைப்பு எந்த அளவில் முதலில் தெரிகிறது என்று பார்ப்பது.