குளச்சல் வீட்டு அடுக்களைக்கு ஸ்கைலைட் (வெளிச்சத்துக்கான கூரைக் கண்ணாடி): வேலைக் குறிப்புகள்

ஏப்ரல் 29
அடுக்களை 10க்கு 12 அடி, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கூரை 5 அங்குலக் கான்கிரீட். 2க்கு 3 அடித் திறப்பு தாராளம். நம்மூரில் ஏப்ரல் இரண்டாம் வாரமும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேரே தலைக்கு மேல் நிற்கும். பெரிதாகத் திறந்தால் அடுக்களை வெந்துவிடும். தென்னை மட்டை விழும் இடத்தைத் தவிர்த்துக் குறித்தாயிற்று.

மே 2
பொறியாளர் பார்த்துச் சரி சொன்ன பிறகே சுத்தியல் எடுத்தோம். பீமைத் தொடவே கூடாது. திறப்பின் நீளப்பக்கம் மெயின் கம்பியின் (தளத்தின் சுமையைத் தாங்கும் கம்பி) போக்கிலேயே இருக்க வேண்டும். மெயின் கம்பிகள் 6 அங்குல இடைவெளியில் இருப்பதால் இப்படி வைத்தால் 4 வெட்டுப்படும், திருப்பி வைத்தால் 6. அடியில் முட்டு கொடுத்து, கான்கிரீட்டை மட்டும் கொத்தி எடுத்து, கம்பிகளை நடுவில் வெட்டி மேலே மடக்கினோம். ஓரத்தோடு வெட்டி எறிந்தால் திறப்பைச் சுற்றி வார்க்கப்போகும் கான்கிரீட் கட்டைக்குப் பிடிப்பே இருக்காது.

மே 4
மடக்கிய கம்பியைச் சேர்த்துக் கட்டி, 4 அங்குலக் கனத்தில் சுற்றுக்கட்டை வார்த்தோம். சிமெண்ட், மணல், ஜல்லிக் கலவை 1:1½:3. மேற்கே 12 அங்குலம் உயரம், கிழக்கே 9. ஆனி, ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். வழிந்து இறங்கும் தண்ணீரை அது திருப்பி ஏற்றக் கூடாது.

மே 12
7 நாள் நனைப்பு முடிந்தது. முட்டு இன்னும் ஒரு வாரம் நிற்கட்டும். கண்ணாடிக்கு இப்போதுதான் அளவு: 34க்கு 46 அங்குலம், நாலு பக்கமும் ஓர் அங்குலம் வெளியே நீளும். டஃபன் செய்த (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. கட்டை வார்க்கும் முன்பே ஆர்டர் கொடுப்பதுதான் பலர் செய்யும் தப்பு. 6+6 லேமினேட்டட், அதாவது 6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் ஒட்டும் தாள்; தாள் பால்வெள்ளை. தேங்காய் விழுந்து உடைந்தாலும் சில்லு தாளில் ஒட்டி நிற்கும், கீழே சிதறாது.

மே 14
கட்டையும் தளமும் சேரும் மூலையில் 2 அங்குலச் சாய்வுப் பூச்சு. காய்ந்த பின் ஃபைபர் வலை வைத்து வாட்டர்புரூஃப் இரண்டு கோட், தளத்தில் ஓரடி வரை.

மே 21
ஒழுகுகிறதா என்று பார்க்க, மழைநீர்க் குழாயை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தினோம்.

மே 22
தென்மேற்கு மூலையில் அடியில் கையகலத்துக்கு ஈரம். சுரண்டிப் பார்த்தால், மூலையில் வலை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்கிறது. அந்தக் கோட்டில் பூச்சு மயிரிழையாக விரிந்திருக்கிறது. 4 அங்குலம் ஏற்றிப் போட்டு மறுபடி இரண்டு கோட்.

மே 29
மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் நின்றது. அடியில் சொட்டு ஈரமில்லை.

மே 30
கண்ணாடி 32 கிலோ வரும், தூக்க நாலு பேர். கட்டைமேல் ரப்பர் பட்டை, அதன்மேல் கண்ணாடி, இடுக்கில் நியூட்ரல் சிலிக்கான். சிலிக்கான் குழாயைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது வேறு வகை. அதன் அமிலம் சிமெண்டோடு சேராது, சில மாதத்தில் உரிந்து வரும். கட்டை எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். பிடிமானத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் ஆறு. இந்த உப்புக்காற்றில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சீக்கிரமே துருப்பிடித்துவிடும். 2017 ஒக்கிப் புயலைப் பார்த்த ஊரில் சிலிக்கானை மட்டும் நம்பிக் கண்ணாடி வைக்க மனம் வராது.

சிலிக்கான் ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் உள்ளே இறுகும். மூன்று நாள் தார்ப்பாய் மூடி இருக்கட்டும்.