ஓட்டைகளை எண்ணி வாங்கிய ஹெல்மெட்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்த புதிதில் பழம்பொருள் சந்தைகளில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பேன். உச்சியில் கூர்முனை வைத்த பிக்கெல்ஹௌபே ஹெல்மெட் மேல் ஆசை வந்தது அங்கேதான். தூரத்திலிருந்து இரும்பு மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் லேசாக இருக்கிறது. சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் பெரும்பாலானவை கறுப்பு மெருகு பூசிய கெட்டித் தோல்தான். 1842-ல் பிரஷ்ய ராணுவத்தில் வந்தது, பிறகு மற்ற ஜெர்மன் அரசுகளுக்கும் பரவியது. ஹிட்லர் காலச் சின்னங்களுக்கு இருக்கிற சட்டச் சிக்கல் இந்த கைசர் (ஜெர்மன் பேரரசர்) காலப் பொருளுக்கு இல்லை என்பது ஒரு நிம்மதி.

போலிகள் நிறைய. அதைவிடத் தொல்லை, நாலு ஹெல்மெட்டின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது. அதனால் வாங்குவதற்கு முன் ராஸ்டாட் அரண்மனையில் இருக்கும் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் அசலைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பழகினேன். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தமும் ஏறிக்கொண்டது.

கடைசியில் ஒரு பெரியவரிடம், ஸ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்டிருந்த வுர்ட்டெம்பர்க் அரசின் சின்னம் வைத்த ஒன்று கிடைத்தது. முன்பக்கத் தகட்டில் 'அஞ்சாமையும் விசுவாசமும்' என்ற பொருளில் அந்த நாட்டு வாசகம். நான் தகட்டை அப்புறம்தான் பார்த்தேன். முதலில் கவிழ்த்து, உள்ளே இருக்கும் தோல் நாக்குகளை மடக்கி, ஓட்டைகளை எண்ணினேன். தகட்டின் பின்னால் இரண்டு வளையங்கள் இருக்கும்; அவை தோலைத் துளைத்து உள்ளே வந்து ஆப்பில் மாட்டி நிற்கும். கூடுதலாக ஒரு ஜோடி ஓட்டை தெரிந்தால் தகடு மாற்றப்பட்டது என்று சந்தேகப்பட வேண்டியதுதான். இதில் இரண்டே இரண்டு. பின்விளிம்பின் உட்புறம் மங்கலாக பி.ஏ. 13, கீழே 1915 என்று முத்திரை. 13-ஆவது படைப்பிரிவின் சீருடைக் கிடங்கு அது. வுர்ட்டெம்பர்க் படையின் எண்ணும் 13தான். சரி, பொருந்துகிறது.

உறுத்தியது முனை. பளபளவென்று பித்தளை. 1915-ல் பித்தளைத் தட்டுப்பாட்டால் சாம்பல் நிற எஃகுக்கு மாறிவிட்டார்கள். பதுங்குகுழிக்கு மேலே நீட்டிக்கொண்டு தெரியாமல் இருக்க முனையைத் திருகிக் கழற்றவும் வழி செய்தார்கள். காந்தத்தை வைத்தேன். தகட்டில் ஒட்டியது, முனையின் அடித்தட்டில் ஒட்டியது, முனையில் வழுக்கிக்கொண்டு போனது. திருகினால் பூட்டவும் இல்லை.

"முனையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, ஹெல்மெட்டுக்கு மட்டும் விலை சொல்லுங்கள்" என்றேன். பெரியவர் சிரித்துவிட்டார். விலை நன்றாகவே இறங்கியது.

பொருத்தமான எஃகு முனை தனியாக வேறொருவரிடம் வாங்கினேன். உள்ளே விட்டுக் கொஞ்சம் திருப்பியதும் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. இனிமேல் யாராவது இதை என்னிடம் வாங்கினால், முனை பின்னால் சேர்த்தது என்பதை அவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும். பழம்பொருள் சேகரிப்பவர்களிடையே அது மரியாதை.

பராமரிப்பில் பெரிய வித்தை இல்லை. எண்ணெயும் ஷூ பாலிஷும் கிட்டவே வரக்கூடாது, மென்மையான பிரஷ் போதும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் சுருங்கி, தையல் பிரிந்து, தகடு துருத்திக்கொண்டு நிற்கும். வலப்பக்கம் இருக்க வேண்டிய கறுப்பு-வெள்ளை-சிவப்பு வட்டச் சின்னம், 1897-க்குப் பிறகு எல்லா அரசுகளின் சிப்பாய்களும் அணிந்தது, இதில் இல்லை. புதிதாகச் செய்த நகல் மலிவாகக் கிடைக்கிறது, எனக்கு வேண்டாம்.