தாமஸ் மன்றோ: பணியிடங்களின் வரிசையில் படித்த ஒரு நிர்வாக வாழ்க்கை

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கு நவீன இந்திய வரலாறு படிப்பவர்களில் பலர், தாமஸ் மன்றோ என்றதும் ரயத்துவாரி (இடைத்தரகரின்றி அரசு உழவரிடமே நேரடியாக நிலவரி பெறும் முறை) என்ற ஒரே சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறார்கள். பொருத்துக வகை வினாவுக்கு அது போதும். விரிவான விடைக்குப் போதாது. நான் அவருடைய வாழ்க்கையை, அவர் வகித்த பணிகளின் வரிசையில், சென்னை மாகாணத்தின் பழைய நிலப்படத்தை அருகில் விரித்து வைத்துக்கொண்டு படித்தேன். நிலவருவாய், பாளையக்காரர் ஒடுக்கம், நீதித்துறைச் சீர்திருத்தம் எனப் பாடநூல்களில் சிதறிக் கிடப்பவை அப்போது ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவையாகத் தெரிந்தன. இனிப் படிக்கப்போகிறவர்களுக்கும் அந்த வழியையே பரிந்துரைக்கிறேன்.

கிளாஸ்கோ நகரில் 1761இல் பிறந்த மன்றோ, 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பயிற்சி வீரராகச் சென்னைக்கு வந்து, ஹைதர் அலிக்கும் பின்னர் திப்புவுக்கும் எதிரான போர்களில் பணியாற்றினார். 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் பகுதி (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) கம்பெனிக்குக் கிடைத்தபோது, அதை நிர்வகிக்கும் பொறுப்பைத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் படை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். உள்ளூர் மொழியறிந்த சிவில் அதிகாரிகள் சென்னையில் மிகக் குறைவாக இருந்தது அதற்கு முக்கியக் காரணம். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அலெக்சாண்டர் ரீட். மன்றோ அவருடைய உதவியாளர்களுள் ஒருவர். ரயத்துவாரியின் தொடக்கம் ரீடுக்கும் உரியது என்பதை விடையில் தவறாமல் குறிப்பிட வேண்டும். பலர் விட்டுவிடும் செய்தி இது.

திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் சிறிது காலம் கனராவில் பணியாற்றிய மன்றோ, 1800 முதல் 1807 வரை, நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பை உள்ளிட்ட மாவட்டங்களின் முதன்மைக் கலெக்டராக இருந்தார். அவரைப் புரிந்துகொள்ள மிகுதியான நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். ஆயுதம் தாங்கிய பாளையக்காரர்களை அவர் கடுமையாக ஒடுக்கினார். அந்தக் கடுமையை இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களே கண்டித்தனர். இடைத்தரகர்கள் அகற்றப்பட்ட நிலத்தில் வயல் வயலாக அளவை நடத்தி, உழவரோடு நேரடியாக வரி ஒப்பந்தம் செய்தார். ஆனால் அந்த வரி மொத்த விளைச்சலில் ஏறக்குறைய 45 விழுக்காடாக இருந்தது. அது தாங்க முடியாத சுமை என்பதை உணர்ந்து, 1807இல் கால் பங்கு குறைக்குமாறு அவரே பரிந்துரைத்தும், அப்போது அது ஏற்கப்படவில்லை.

இதே ஆண்டுகளில் சென்னை அரசு வங்காளத்தைப் பின்பற்றி நிலையான நிலவரித் திட்டத்தை (ஜமீன்தார்கள் செலுத்த வேண்டிய வரியை நிரந்தரமாக நிர்ணயிக்கும் முறையை) இங்கும் புகுத்தியது. ரயத்துவாரி தோன்றிய சேலம், பாரமகால் நிலங்களே மிட்டாக்கள் எனப்படும் சிறு ஜமீன்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. அடுத்து வந்தது, ஒரு கிராமத்தின் வரியை மொத்தமாகக் குத்தகைக்கு விடும் கிராமக் குத்தகை முறை. ஆகவே 1792இலிருந்து 1820 வரை ரயத்துவாரி தடையின்றி வளர்ந்தது போல எழுதுவது பிழையாகும். இங்கிலாந்து சென்றிருந்த மன்றோ அங்கே தம் முறைக்காக வாதாடி, 1814இல் நீதித்துறை ஆணையத்தின் தலைவராகத் திரும்பி வந்தார். அதன் விளைவாக 1816இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டங்கள் காவல் பொறுப்பையும் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் கலெக்டரிடம் சேர்த்தன. கிராமத் தலைவர்களை, சிறு வழக்குகளைத் தீர்க்கும் முன்சீப்புகளாக்கின. 1820இல் அவர் ஆளுநரானதும் ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாக நிலைபெற்றது. தாம் முன்பு கேட்ட வரிக்குறைப்பையும் அவரே நடைமுறைப்படுத்தினார். 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார்.

மதிப்பீடு கேட்கும் வினாக்களுக்கு ஆளுநராக அவர் எழுதிய இரண்டு அலுவல் குறிப்புரைகளை ஒருங்கே வைத்துப் படிப்பது மிகவும் பயன்படும். 1824 டிசம்பர் 31ஆம் நாள் குறிப்புரையில், இந்தியர்களை உயர்பதவிகளிலிருந்து விலக்கி வைப்பது அவர்களின் பண்பையே தாழ்த்திவிடும் என்று வாதிட்டவர், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அந்நியர் ஆட்சியும் சுதந்திரமான அச்சகமும் ஒன்றாக நிலைக்க முடியாது என்று எழுதியவர். உழவர் நலனில் அவருக்கு இருந்த அக்கறை உண்மையானது என்றே நான் கருதுகிறேன். எனினும் அது கம்பெனி ஆட்சியை நிலைநிறுத்தும் நோக்கத்துக்குள் அடங்கிய அக்கறை. விடையில் இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். வரி வசூலில் நடந்த கொடுமைகளை விசாரிக்கச் சென்னையில் 1854இல் அமைக்கப்பட்ட சித்திரவதை ஆணையத்தையும் அந்த இடத்தில் சேர்த்துக்கொண்டால், இடைத்தரகர் நீங்கிய பிறகும் கீழ்நிலை வருவாய் ஊழியரின் பிடியில் உழவர் சிக்கியிருந்தார் என்ற வாதத்துக்கு உறுதியான சான்று கிடைக்கும்.