எபாக்ஸிக்குச் சூடு எப்போது?

லாங்போர்டுக்கு (நீளமான ஸ்கேட்போர்டு) மரத்தகடுகளையும் கண்ணாடியிழையையும் வளைத்து ஒட்டும்போது வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். அதற்காக ஒட்டிய கையோடு சூடேற்றாதீர்கள். பிசின் இளகி ஓரங்களில் வழியும். மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, கண்ணாடியிழைக்கு அடியில் குண்டூசித் தலை அளவுக் குமிழிகளாக நின்றுவிடும். முதலில் அறை வெப்பத்திலேயே, வழிந்த பிசினில் நகம் பதியும் பதம் வரட்டும்.

பிறகு தெர்மாகோல் பெட்டியால் மூடி, உள்ளே 100 வாட் குண்டு பல்பு இரண்டு, சின்ன விசிறி, சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட். மெதுவாக ஏற்றி 50 டிகிரியில் 6 மணி நேரம். பல்பு தெர்மாகோலை நெருங்கவே கூடாது, தீப்பிடிக்கும். தெர்மாமீட்டர் முனை பலகையைத் தொட்டிருக்கட்டும். மரம் சூடாக நேரமெடுக்கும்.

சூட்டோடு கிளாம்பை (இறுக்கிப் பிடிக்கும் பிடி) கழற்றினால் பலகையின் வளைவு நிமிர்ந்துவிடும். முழுக்க ஆறவிடுங்கள்.