காலி வீதியில் ஒரு சூரியத் தொகுதி

வெள்ளவத்தையில் மாலை வகுப்பு நடத்தத் தொடங்கிய முதல் ஆண்டில், கோள்களின் பெயர்களைச் சூரியனிலிருந்து வரிசையாகச் சொல்லும்படி கேட்டால் என் மாணவர் அனைவரும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதைக் கேட்டு நான் மனம் நிறைந்திருந்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது, மேற்கே கடலுக்கு மேல் வெள்ளிக் கோள் சுடர்விட்டுக்கொண்டிருந்தது. அது என்னவென்று கேட்டேன். "பிளேன், மிஸ்" என்றான் ஒரு மாணவன். சூரியனிலிருந்து இரண்டாவது கோள் வெள்ளி என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவன் தன் கொப்பியில் பிழையின்றி எழுதியிருந்தான். வானியலின் முதற்பாடத்தை வகுப்பறைக்குள் தொடங்கக் கூடாது என்ற முடிவுக்கு நான் வந்தது அந்தப் படிக்கட்டில்தான்.

கொழும்பில் வானம் பார்க்க முடியாது என்று பெற்றோர் பலர் சொல்வதுண்டு. தெருவிளக்குகளும் கட்டடங்களும் வானத்தை வெளிறச் செய்துவிட்டன என்பதும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேகம் விலகும் இரவுகள் குறைவு என்பதும் உண்மையே. ஆயினும் தொடக்கநிலை மாணவருக்குப் பால்வீதி அவசியமில்லை. நிலவு, வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஐந்து கோள்கள், இருபது முப்பது பிரகாசமான விண்மீன்கள் ஆகியவை போதும். இவை மொட்டை மாடியிலிருந்தும் மரைன் டிரைவின் ஓரத்திலிருந்தும் நன்றாகவே தெரிகின்றன. அதைவிட, நாம் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் மட்டுமே இருப்பதால், வடவானத்தையும் தென்வானத்தையும் ஓராண்டுக்குள் ஏறக்குறைய முழுவதுமாகப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. துருவ நட்சத்திரம் ஒன்றுதான் இழப்பு: அது வடக்கு அடிவானத்துக்கு மேல் அதே 7 பாகை உயரத்தில், புழுதிக்கும் விளக்கொளிக்கும் நடுவே மறைந்துகிடக்கிறது.

நான் எப்போதும் நிலவிலிருந்தே தொடங்குவேன். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்று நம்பும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பாதிப்பேராவது இருப்பார்கள். பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த நம்பிக்கை எளிதில் கலைவதில்லை. அரைநிலவு வளரும் நாளொன்றில், மாலை நான்கு மணிக்கு அவர்களை மாடிக்கு அழைத்துச் சென்று, ஆளுக்கொரு தேசிக்காயை வெயிலில் நிலவின் திசைநோக்கிக் கைநீட்டிப் பிடிக்கச் சொல்வேன். தேசிக்காயின் எந்தப் பாதி வெளிச்சமாகவும் எந்தப் பாதி நிழலாகவும் தெரிகிறதோ, அதே வடிவில்தான் நிலவும் வானத்தில் தெரியும். இரண்டையும் ஒளியூட்டுவது ஒரே சூரியன், இரண்டையும் பார்ப்பது ஒரே கண். அதன்பின் நிழலைப்பற்றிய பேச்சு எழுவதில்லை. போயா நாளின் மாலை இதற்கு அடுத்த பாடம்: சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் அதற்கு முதுகுகாட்டித் திரும்பி நின்றால், காலி வீதிக் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து முழுநிலவு எழுவதைக் காணலாம். சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவே பூமி நிற்கிறது என்ற வசனம், அப்போது தங்கள் உடம்பாலேயே அவர்களுக்கு விளங்கிவிடுகிறது.

பாடநூல்களிலும் சித்திரப் புத்தகங்களிலும் பிறை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்பதுபோல வரையப்பட்டிருக்கும். அது பூமத்தியரேகையிலிருந்து தொலைவில் உள்ள நாடுகளின் பிறை. நம் வானத்தில் சூரியனும் நிலவும் அடிவானத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்குவதால், நம் மேற்குக் கடலின்மேல் தெரியும் பிறை தோணிபோலக் கிடக்கிறது. கண்ணால் கண்டதை விட்டுப் படத்தில் கண்டதையே பிள்ளைகள் வரைவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

நிழலற்ற நண்பகலையும் குறிப்பிட வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 7ஆம் திகதியளவிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும், சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேர்மேலே வருகிறது. நிலைக்குத்தாக நிறுத்திய குழாயின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஏப்ரலில் அது நிகழ்வது சரியாக 12 மணிக்கன்று, 12.12 அளவில். நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்குரியது. கொழும்போ ஏறத்தாழ 79.9 பாகையில் இருப்பதால் சூரியன் இங்கே சுமார் பத்து நிமிடங்கள் பிந்தியே உச்சிக்கு வருகிறது. எஞ்சிய இரண்டு நிமிடங்கள் பூமியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சின் சாய்வாலும் வருபவை. சூரியனை எந்நாளும் நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டுமே பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கோள்களைக் கண்டுபிடிப்பது பிள்ளைகள் நினைப்பதிலும் எளிது. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்துக்கும் பழம்பெயரும் வாரத்தில் ஒரு நாளும் கிடைத்ததற்குக் காரணம், அவை தொலைநோக்கியின்றியே தெரிபவை என்பதுதான். யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும் தொலைநோக்கியின் துணையோடுதான் அடையாளம் காணப்பட்டன. அவற்றுக்கு நாள்கள் மிஞ்சவில்லை. கோள்கள் யாவும் ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுவதால், சூரியனும் நிலவும் போகும் பாதையை விட்டு அவை விலகுவதில்லை. அந்தப் பாதையை ஒட்டிக் கண்சிமிட்டாமல் நிலையாக ஒளிரும் பொருளைக் கண்டால் அது கோள் என்றே கொள்ளலாம். நம் பேச்சுவழக்கில் எல்லா விண்மீன்களையும் "வெள்ளி" என்றே சொல்வதால் முதலில் சிறிது குழப்பம் ஏற்படும், பிறகு பழகிவிடும். சாதாரண பைனாகுலர் ஒன்றைச் சுவரில் அசையாமல் ஊன்றிப் பிடித்தால், வியாழனின் இருபுறமும் நான்கு சிறு புள்ளிகள் வரை தெரியும். அவற்றை அடுத்தடுத்த இரவுகளில் வரைந்துவரச் சொல்வேன். 1610 ஜனவரியில் கலிலியோ செய்ததும் இதையேதான். ஒரு வாரம் வரைந்த பிள்ளை, ஒரு பொருள் இன்னொன்றைச் சுற்றுகிறது என்பதை எவர் சொல்லியும் ஏற்கவேண்டியதில்லை. அது அவளுடைய கொப்பியிலேயே இருக்கும்.

பெயரும் இடமும் பழகிவிட்டாலும் தூரம் பழகுவதில்லை. பாடநூற் படத்தில் எட்டுக் கோள்களும் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பக்கத்தின் அகலம் அவ்வளவுதான் என்பதால் படம் வரைந்தவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் படம் மனத்தில் பதிந்துவிட்டால், சூரியத் தொகுதியின் மிகப் பெரிய உண்மையான அதன் வெறுமை எந்நாளும் தெரியவராது. ஆகவே ஒரு ஞாயிறு காலை, பதினொரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலிமுகத்திடலிலிருந்து வெள்ளவத்தை வரை நடந்தேன். பத்து இலட்சம் கிலோமீற்றரை ஒரு மீற்றராகச் சுருக்கிக்கொண்டோம். அந்த அளவில் சூரியன் 1.4 மீற்றர் விட்டமுள்ள ஒரு வட்ட மேசை. அதைத் திடலின் தென்முனையில் சுண்ணக்கட்டியால் வரைந்துவிட்டுப் புறப்பட்டோம்.

58 மீற்றரில் புதன், ஒரு மிளகு. 108 மீற்றரில் வெள்ளி, 150 மீற்றரில் பூமி, இரண்டும் திடலில் விற்கும் அவித்த கடலையின் பருமன். எங்கள் பூமிக் கடலைக்கு 38 சென்றிமீற்றர் தள்ளி, மிளகிலும் சிறிய நிலவை வைத்தோம். மனிதர் இதுவரை போய்வந்த தூரம் ஓர் அடிமட்டத்தைவிடச் சற்று அதிகம் என்றபோது பிள்ளைகள் குனிந்து அந்த இடைவெளியையே நெடுநேரம் பார்த்தார்கள். 228 மீற்றரில் செவ்வாய், ஒரு பட்டாணி. அதன்பின் வெறும் நடை. கொள்ளுப்பிட்டிச் சந்தியை எட்டுமுன் 778 மீற்றரில் உரித்த தேங்காயளவில் வியாழன். சந்தியைத் தாண்டி 1.4 கிலோமீற்றரில் அதைவிடச் சற்றுச் சிறிய தேங்காயாகச் சனி. அதற்குப் பிறகு பேருந்துகளின் புகையும் வெயிலும் மட்டுமே இருந்தன. "மிஸ், யுரேனஸ் இன்னும் வரேல்லையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தச் சலிப்புக்காகவே அவர்களை அழைத்து வந்தேன் என்று அப்போது சொல்லவில்லை. பம்பலப்பிட்டியில், 2.9 கிலோமீற்றரில், ஒரு பெரிய தேசிக்காய் யுரேனஸ் ஆயிற்று. வெள்ளவத்தைப் பாலத்தை அண்மித்து, 4.5 கிலோமீற்றரில், இன்னொரு தேசிக்காய் நெப்டியூன்.

ஒளியையும் இதே அளவில் சுருக்கினால் அது செக்கனுக்கு 30 சென்றிமீற்றரே நகர்கிறது. தவழும் குழந்தையின் வேகம். மேசையிலிருந்து கடலையை எட்ட அதற்கு 8 நிமிடங்களும் 20 செக்கன்களும் வேண்டும், வெள்ளவத்தையை எட்ட நான்கு மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். நாங்கள் இடையிடையே நின்று, அளந்து, தண்ணீர் குடித்தும் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டோம் என்பதில் பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் இன்று ஏறத்தாழ 2,500 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது; எங்கள் அளவில் 25 கிலோமீற்றர், அதாவது பாணந்துறைப் பக்கம். அரை நூற்றாண்டு ஓடி அது பாணந்துறையைத்தான் எட்டியிருக்கிறது.

அப்படியானால் அடுத்த விண்மீன் எங்கே என்று கேட்டாள் ஒருத்தி. காலியிலா, மாத்தறையிலா என்று மற்றவர்கள் ஊகித்தார்கள். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனான புரொக்சிமா செந்தோரி 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. எங்கள் அளவில் அது 40,000 கிலோமீற்றர். காலிமுகத்திடலில் புறப்பட்டுப் பூமியை முழுதாக ஒருமுறை சுற்றி மீண்டும் காலிமுகத்திடலுக்கே வந்து சேரும் தூரம். இதைச் சொன்னபோது எவரும் பேசவில்லை.

விண்மீன்களைக் கற்பிக்க ஜனவரி முதல் மார்ச் வரையான மாலைகளே சிறந்தவை. சைவக் குடும்பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தம் பிறந்த நட்சத்திரம் தெரியும். ஆனால் அதை வானத்தில் பார்த்தவர் அரிது. நிலவு விண்மீன்களிடையே ஒரு சுற்றை முடிக்க 27.3 நாள்கள் எடுக்கிறது, அதனால்தான் நட்சத்திரங்கள் 27. ஒருவர் பிறந்த வேளையில் நிலவு வானத்தின் எந்தப் பகுதியில் நின்றதோ அதுவே அவருடைய நட்சத்திரம். ஜாதகத்தில் "திருவாதிரை" என்று எழுதப்பட்டிருந்த ஒரு மாணவிக்கு, உச்சிக்கு அருகே செந்நிறமாக ஒளிரும் அந்த விண்மீனைக் காட்டியபோது, "இது உண்மையாகவே இருக்கிறதா?" என்று அவள் கேட்டாள். வானியலுக்கும் சோதிடத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அதைவிட நல்ல தருணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த வானம் ஒன்றே விண்மீன்களின் வாழ்க்கை முழுவதையும் காட்டுகிறது. திருவாதிரையின் சிவப்பும், அது அமைந்துள்ள ஓரியன் என்னும் வேட்டைக்காரன் உருவத்தின் மறுமூலையிலுள்ள றைஜல் விண்மீனின் வெண்ணீலமும் வெப்பநிலையின் வேறுபாடு: முன்னதன் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 கெல்வின், பின்னது 12,000 அளவில், நம் சூரியன் இடையே 5,800இல். சூடேறும் இரும்பு முதலில் சிவந்து பின்னர் வெளுப்பதைப் பட்டறையில் பார்த்தவருக்கு இதில் புதுமையில்லை. இவ்விரண்டுக்கும் இடையே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே மங்கலாகத் தெரியும் புகைத்திட்டில், 1,300 ஒளியாண்டுக்கு அப்பால், புதிய விண்மீன்கள் இப்போதும் பிறந்துகொண்டிருக்கின்றன. கார்த்திகைக் கூட்டம் பத்துக் கோடி ஆண்டு வயதுள்ள இளம் விண்மீன்களால் ஆனது. நம் சூரியனுக்கு 460 கோடி ஆண்டு. அதன் மையத்தில் ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாக மாறுகிறது, அதில் 40 இலட்சம் தொன் திணிவு சக்தியாகி வெளியேறுகிறது, அப்படியிருந்தும் இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்கு எரிபொருள் இருக்கிறது. அது தீர்ந்தபின் சூரியன் அடையப்போகும் வீங்கிச் சிவந்த நிலையை உரோகிணியில் இன்றே பார்க்கலாம். திருவாதிரையோ சூரியனைவிடப் பன்மடங்கு திணிவுடையது. பெரிய விண்மீன் தன் எரிபொருளை மிக விரைவாகச் செலவழிப்பதால், அது பிறந்து ஒரு கோடி ஆண்டு ஆகுமுன்னரே முடிவை நெருங்கிவிட்டது. எங்கள் மேசைச் சூரியனின் இடத்தில் அதை வைத்தால் செவ்வாய்ப் பட்டாணியையும் தாண்டி விழுங்கிவிடும்.

2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் தடைப்பட்ட நாள்களில் வகுப்புகள் நின்றுபோயின, எங்கள் வாழ்க்கை மிகக் கடினமாக இருந்தது. அப்படியான ஓரிரவில் புழுக்கம் தாங்காமல் மாடிக்கு ஏறியபோது, வழக்கமாகக் கலங்கலாக மட்டும் தெரியும் கார்த்திகையில் ஆறு விண்மீன்களை எண்ணினேன். பக்கத்து மாடியில் நின்ற அயல்வீட்டுப் பிள்ளைகளும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மே மாத நடுப்பகுதியில், மழை விட்டுத்தரும் இரவொன்றில், ஒன்பது மணிக்குக் கடற்கரையோரம் தெற்கு நோக்கி நில்லுங்கள். தெஹிவளைப் பக்கமாக, அடிவானத்துக்கு மேல் விரித்த கையின் ஒரு சாண் உயரத்தில், தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்புறத்தில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் தெரியும்; அவற்றுள் சிலுவைக்கு அப்பாலிருப்பது அல்பா செந்தோரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது உண்மையில் இரு விண்மீன்கள். புரொக்சிமா அவற்றின் மங்கலான தோழி, கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் அப்போது காணும் ஒளி அங்கிருந்து புறப்பட்டு நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. என்னோடு காலி வீதியில் நடந்த பதினொருவரில் இளையவன் அதைக் கேட்டுவிட்டு, அந்த ஒளி புறப்பட்டபோது தான் தரம் இரண்டில் இருந்ததாகக் கணக்கிட்டுச் சொன்னான்.