வாட்டர் இருக்கு, தண்ணீர் எங்கே?

ஆங்கிலத்தில் 'வாட்டர்ஷெட்' என்ற சொல்லை முதலில் பார்த்தபோது, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் போட்ட கொட்டகை என்றுதான் நினைத்தேன். சிரிக்காதீர்கள். அந்த 'ஷெட்' கொட்டகையே இல்லை. பிரித்தல் என்ற பழைய பொருள். மலை முகட்டில் விழும் மழை இந்தப் பக்கம் ஓர் ஆற்றுக்கும் அந்தப் பக்கம் வேறோர் ஆற்றுக்குமாகப் பிரியுமே, அந்தக் கோடு. பிரிட்டனில் அப்படி. அமெரிக்காவிலோ, ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலம் முழுவதுமே வாட்டர்ஷெட். ஒரு ஊரில் வரப்பு, இன்னொரு ஊரில் வயல்! அப்புறம் வரலாற்றின் திருப்புமுனைக்கும் இதே சொல். பிரிட்டன் டிவியில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளை அதற்குப் பிறகே காட்டலாம் என்ற இரவு 9 மணிக்கும் இதே பெயர்.

இப்படி 'வாட்டர்' என்று தொடங்கும் சொற்களில் எனக்குப் பிடித்தது வாட்டர்மார்க். 13ஆம் நூற்றாண்டு இத்தாலியில் காகிதம் செய்தவர்கள், சல்லடையின் மேல் கம்பியை வளைத்து ஓர் உருவம் வைத்தார்கள். ஈரக் கூழ் அந்த இடத்தில் மட்டும் மெல்லியதாகப் படியும். காய்ந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவம் தெரியும். இன்று போட்டோ மேல் ஒட்டும் பெயரும் வாட்டர்மார்க்தான். அதில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

வாட்டர்கேட் வாஷிங்டனில் ஒரு கட்டட வளாகம். 1972இல் அங்கே இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கப் புகுந்த ஆட்களால் 1974இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். அதன்பின் எந்த ஊழல் வெடித்தாலும் அதன் பெயரோடு 'கேட்' ஒட்டிவிடுகிறார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கதவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வாட்டர்வொர்க்ஸ்? குடிநீர் நிலையம். பேச்சுவழக்கில் கண்ணீர். அதுவும் எதிரில் இருப்பவர் நம்பாத கண்ணீர்.